ஆங்கில வாக்கியத்தில் ப்ரனவுன், வெர்ப், ப்ரிபொசிஷன், கஞ்சங்ஷன் எப்படிக் கோத்துக்கொள்கின்றன?

கேள்வி இதுதான்: ப்ரனவுன், வெர்ப், ப்ரிபொசிஷன், கஞ்சங்ஷன் எல்லாம் தனித்தனியாகத் தெரியும், கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் நிரப்பிவிடுவேன், ஆனால் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுத உட்கார்ந்தால் எது எங்கே வரும் என்று தெரியாமல் கை நின்றுவிடுகிறது, இந்த நான்கும் எப்படித்தான் சேர்கின்றன?

கை நிற்கத்தான் செய்யும். பள்ளியில் இவற்றை நான்கு தனிப் பாடமாக நடத்தி, நான்கு தனிப் பரீட்சை வைத்து முடித்துவிட்டார்கள். ஆனால் வாக்கியத்துக்குள் ஒன்று இன்னொன்றின் பிடியில் இருக்கிறது. வெர்ப் தனக்குப் பின்னால் எந்த ப்ரிபொசிஷன் வரலாம் என்று முடிவு செய்கிறது, சில வெர்ப் எதுவுமே வேண்டாம் என்கிறது. ப்ரிபொசிஷன் வந்தால் அதன் பின்னால் வரும் ப்ரனவுன் உருவம் மாறுகிறது. கஞ்சங்ஷன் வந்தால் அது புதிதாக ஓர் ஆளையும் ஒரு வெர்பையும் கேட்கிறது. இந்த மூன்று பிடிகள் புரிந்தால் பாதிக் குழப்பம் போய்விடும். உதாரணங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன், வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், கண்ணைவிடக் காது சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

முதலில் வெர்ப். தமிழில் 'வந்தேன்' என்று ஒரே சொல்லைச் சொன்னால் போதும், வந்தது நான், வந்து முடித்தாயிற்று, இரண்டும் அதற்குள்ளேயே இருக்கிறது. 'வந்தாள்' என்றால் பெண், ஒருத்தி, மரியாதை இல்லாத பேச்சு என்பது வரை தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் 'கேம்' என்று மட்டும் சொன்னால் நானா, நீயா, அவளா, அவர்களா, ஒன்றும் தெரியாது. அதனால்தான் 'ஐ கேம்', 'ஷீ கேம்', 'தே கேம்' என்று ஒவ்வொரு முறையும் ஆளை வெளியே நிறுத்த வேண்டியிருக்கிறது. நம் மொழியில் ப்ரனவுன் விருப்பப்பட்டால் வரும், அங்கே கட்டாயம். ஆளே இல்லாத இடத்தில்கூட ஒரு பொம்மை ஆளை நிறுத்துவார்கள்: 'இட் இஸ் ரெயினிங்'. மழை பெய்கிறது, யார் அந்த இட்? யாரும் இல்லை. வெர்புக்கு முன்னால் அந்த இடம் காலியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். கட்டளை மட்டும் விதிவிலக்கு: 'கம் ஹியர்'.

வெர்பின் பின்னால் ஒட்டிக்கொண்டு ஆளைக் காட்டும் விகுதிகள் பழைய ஆங்கிலத்தில் நிறைய இருந்தன, தேய்ந்து தேய்ந்து இன்று மிஞ்சியிருப்பது நிகழ்காலத்தில் ஹீ, ஷீ, இட் மூன்றுக்கும் வரும் அந்த ஒற்றை எஸ் மட்டும்தான்: 'ஷீ கோஸ்'. கேன், வில், மஸ்ட் போன்றவை அதையும் வாங்காது. 'பீ' என்கிற வெர்ப் மட்டும் பழைய சொத்தைக் கொஞ்சம் கூடுதலாகக் காப்பாற்றி ஆம், இஸ், ஆர், வாஸ், வேர் என்று வைத்திருக்கிறது. இங்கே நம்மவர்கள் சறுக்கும் இடம் கேள்வியும் எதிர்மறையும். 'டஸ் ஷீ கோஸ்?' 'டிட் யூ வென்ட்?' இரண்டும் தப்பு. பல வெர்ப் வரிசையாக நின்றால் முதலில் நிற்பதுதான் ஆளையும் காலத்தையும் சுமக்கும், பின்னால் வருபவை கையை வீசிக்கொண்டு வரும். டஸ் ஏற்கெனவே அந்த எஸ்ஸை வாங்கிக்கொண்டது, டிட் ஏற்கெனவே இறந்தகாலத்தை வாங்கிக்கொண்டது. ஆகவே 'டஸ் ஷீ கோ?' 'டிட் யூ கோ?'

அடுத்து ப்ரனவுனின் உருவம். தமிழில் நான் என்பது என் என்று மாறி, அதன் மேல் என்னை, எனக்கு, என்னால், என்னோடு, என்னிடம் என்று உருபுகள் ஏறிக்கொள்ளும். ஆங்கிலத்தில் ஏறுவதற்கு உருபு இல்லை. வெர்புக்கு முன்னால் ஆளாக நிற்கும்போது ஐ, வெர்புக்குப் பின்னால் செயப்படுபொருளாக வந்தாலோ ப்ரிபொசிஷனுக்குப் பின்னால் வந்தாலோ மீ. டு மீ, ஃப்ரம் மீ, வித் மீ, பை மீ, ஃபார் மீ, எதுவானாலும் மீ மட்டும்தான். நாம் உருபை மாற்றிச் செய்யும் வேலையை அவர்கள் முன்னால் வரும் சின்னச் சொல்லை மாற்றிச் செய்கிறார்கள். (நம் இலக்கணத்தில் 'ஐ' என்பது செயப்படுபொருளைக் காட்டும் இரண்டாம் வேற்றுமை உருபு, அங்கேயோ 'ஐ' செயப்படுபொருளாக வரவே கூடாது. இதைச் சொன்னால் மாணவர்கள் சிரித்துவிட்டு மறக்காமல் வைத்துக்கொள்கிறார்கள்.)

ஏன் ப்ரனவுனுக்கு மட்டும் இந்த இரட்டை உருவம்? பழைய ஆங்கிலத்தில் எல்லாப் பெயர்ச்சொற்களுக்கும் வேற்றுமை விகுதிகள் இருந்தன. 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடிப்பதற்கு முன்பே அவை மங்கத் தொடங்கி, பிறகு வந்த சில நூற்றாண்டுகளில் பெரும்பாலும் காணாமல் போயின. பெயர்ச்சொல் இழந்ததை ப்ரனவுன் மட்டும் விடாமல் வைத்துக்கொண்டது: ஐ-மீ, ஹீ-ஹிம், ஷீ-ஹர், வி-அஸ், தே-தெம். இதில் தே, தெம், தேர் மூன்றும் ஆங்கிலத்தின் சொந்தச் சரக்குகூட இல்லை, இங்கிலாந்தில் குடியேறிய ஸ்காண்டிநேவியர்களின் நார்ஸ் மொழியிலிருந்து வந்தவை. யூ என்பதற்கும் ஒரு காலத்தில் இரட்டை உருவம் இருந்தது, முன்னால் நிற்க யீ, பின்னால் வர யூ. 1611-இல் வந்த ஆங்கில பைபிள் மொழிபெயர்ப்பில் அந்த வேறுபாட்டைப் பார்க்கலாம். பிறகு யீ வழக்கொழிந்து, பின்னால் நின்ற யூ முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது.

பெயர்ச்சொல்லில் விகுதி போனதால் இடம்தான் எல்லாம் என்று ஆனது. 'ராமன் ரவியை அடித்தான்', 'ரவியை ராமன் அடித்தான்', எப்படித் திருப்பினாலும் அடி வாங்கியது ரவிதான், ஏனென்றால் 'ஐ' உருபு ரவியோடு ஒட்டியிருக்கிறது. 'ராமன் ஹிட் ரவி' என்பதைத் திருப்பினால் அடித்தவரே மாறிவிடுவார். தமிழில் யோசித்துவிட்டுச் சொற்களை அப்படியே வரிசை மாறாமல் ஆங்கிலத்தில் கொட்டும்போது வரும் விபத்துகளில் பெரும்பாலானவை இங்கேதான் நடக்கின்றன.

ப்ரிபொசிஷனும் ப்ரனவுனும் சேரும் இடத்தில் படித்தவர்கள் செய்யும் ஒரு தப்பு உண்டு: 'பிட்வீன் யூ அண்ட் ஐ'. பிட்வீன் ஒரு ப்ரிபொசிஷன், ஆகவே 'பிட்வீன் யூ அண்ட் மீ'. சிறு வயதில் 'மீ அண்ட் ரவி வென்ட்' என்று சொல்லித் திட்டு வாங்கியதில், மீ என்றாலே கொச்சை என்று மனதில் பதிந்து, எங்கு பார்த்தாலும் ஐ போட்டுவிடுகிறார்கள். ஷேக்ஸ்பியரே வெனிஸ் வணிகன் நாடகத்தில் அன்டோனியோ எழுதும் கடிதத்தில் 'பிட்வீன் யூ அண்ட் ஐ' என்று எழுதியிருக்கிறார், அதனால் யாராவது தப்பாகச் சொன்னால் ஏளனம் செய்ய வேண்டாம், ஆனால் தேர்விலும் விண்ணப்பத்திலும் மீ என்றே எழுதுங்கள். சந்தேகம் வந்தால் கூட இருப்பவரை எடுத்துவிட்டுப் பாருங்கள்: 'ஹீ கேவ் இட் டு ரவி அண்ட் ஐ' சரியா? ரவியை எடுங்கள். 'ஹீ கேவ் இட் டு ஐ' என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

நமக்கென்றே உள்ள ஒரு பொறி 'எனக்கு'. எனக்குப் பசிக்கிறது, எனக்குத் தெரியும், எனக்கு வேண்டும், எனக்குப் பிடிக்கும், எனக்கு இரண்டு பிள்ளைகள், எனக்குக் காய்ச்சல். தமிழில் உணர்ச்சி, அறிவு, தேவை, உடைமை, நோய் எல்லாமே நான்காம் வேற்றுமையில் வந்து சேருகின்றன, நாம் எதையும் செய்வதில்லை, அவை நமக்கு நேர்கின்றன. ஆங்கிலத்தில் இத்தனைக்கும் ஐ தான்: 'ஐ ஆம் ஹங்ரி', 'ஐ நோ', 'ஐ வான்ட்', 'ஐ லைக் இட்', 'ஐ ஹேவ் டூ சில்ட்ரன்', 'ஐ ஹேவ் எ ஃபீவர்'. எனக்கு என்று மனதில் வந்தவுடன் 'ஃபார் மீ' என்று ஆரம்பித்தால் அந்த வாக்கியத்தை அதன் பிறகு காப்பாற்ற முடியாது. 'எனக்கு' என்று தொடங்கும் தமிழ் வாக்கியங்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றையும் ஐ வைத்து மாற்றிப் பழகுங்கள். இதற்கு இணையான பலன் வேறு எந்தப் பயிற்சியிலும் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இனி வெர்பும் ப்ரிபொசிஷனும். பலர் ப்ரிபொசிஷனை அர்த்தத்தை வைத்துப் பிடிக்கப் பார்க்கிறார்கள்: இன் என்றால் உள்ளே, ஆன் என்றால் மேலே, அட் என்றால் அந்த இடத்தில். மேஜை, பெட்டி, பூனை வரைக்கும் இது சரிப்படும். 'வெயிட் ஃபார்', 'லிஸன் டு', 'லுக் அட்', 'டிபெண்ட் ஆன்', 'லாஃப் அட்' என்று வரும்போது அர்த்தம் கைகொடுக்காது. அந்த வெர்ப் அந்த ப்ரிபொசிஷனைக் கட்டிக்கொண்டது, ஏன் என்று கேட்பதில் பயனில்லை. தமிழிலும் இதே கதைதான், நாம் கவனிப்பதில்லை. அவனைத் திட்டினேன், அவன்மேல் கோபப்பட்டேன், அவனுக்கு உதவினேன், அவனிடம் கேட்டேன், பாம்புக்குப் பயந்தேன். ஏன் திட்டுவதற்கு ஐ, உதவுவதற்குக் கு? தமிழ் கற்கும் ஒரு வெளிநாட்டவர் கேட்டால் நம்மிடம் பதில் இருக்காது. ஆகவே வெயிட் என்று தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள், 'வெயிட் ஃபார் மீ' என்று வெர்ப், ப்ரிபொசிஷன், ப்ரனவுன் மூன்றையும் ஒரே கட்டாகப் படியுங்கள். ஏ. எஸ். ஹார்ன்பி என்ற ஆங்கிலேய ஆசிரியர் ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்த காலத்தில் சகாக்களோடு சேர்ந்து உருவாக்கி 1942-இல் அங்கே வெளியான அகராதி, ஒவ்வொரு வெர்பும் எந்த அமைப்பில் வரும் என்பதையும் சேர்த்துக் கொடுத்தது. பிறகு அதுதான் ஆக்ஸ்ஃபோர்டின் கற்போர் அகராதியாக வளர்ந்தது. அந்த வகை அகராதியில் வெர்பைத் தேடும்போது அர்த்தத்தோடு நின்றுவிடாமல் அதன் பின்னால் தடித்த எழுத்தில் வரும் ப்ரிபொசிஷனையும் பாருங்கள்.

ப்ரிபொசிஷனே வேண்டாத வெர்ப்களில்தான் நம் தமிழ் காலை வாரிவிடும். 'அதைப் பற்றிப் பேசினோம்' என்பதால் 'வி டிஸ்கஸ்ட் அபவுட் இட்' என்கிறோம், சரியானது 'வி டிஸ்கஸ்ட் இட்'. 'சென்னைக்குப் போய்ச் சேர்ந்தோம்' என்பதால் 'ரீச்ட் டு சென்னை', சரியானது 'ரீச்ட் சென்னை'. 'அறைக்குள் நுழைந்தான்' என்பதால் 'என்டர்ட் இன்டு தி ரூம்', சரியானது 'என்டர்ட் தி ரூம்'. 'அவளோடு கல்யாணம்' என்பதால் 'மேரிட் வித் ஹர்', சரியானது 'மேரிட் ஹர்' அல்லது 'இஸ் மேரிட் டு ஹர்'. இதில் இன்னொரு சிக்கல் என்னவென்றால் அதே சொல் பெயர்ச்சொல்லாக மாறினால் ப்ரிபொசிஷன் திரும்பி வந்துவிடும்: 'வி ஹேட் எ டிஸ்கஷன் அபவுட் இட்' முழுக்கச் சரி. ஆபீஸ் மெயில்களில் தினமும் பார்க்கும் 'ரிக்வெஸ்ட்' அப்படித்தான், 'எ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்' சரி, 'ஐ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்' என்பதில் ஃபார் தேவையில்லை. சே, டெல் இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 'ஹீ டோல்ட் மீ', ஆனால் 'ஹீ செட் டு மீ'.

சில இடங்களில் ப்ரிபொசிஷன் மாதிரி இருக்கும் சொல் ப்ரிபொசிஷனே இல்லை. 'டர்ன் ஆஃப் தி லைட்', 'டர்ன் தி லைட் ஆஃப்', இரண்டும் சொல்லலாம். ஆனால் லைட்டுக்குப் பதில் இட் வந்தால் 'டர்ன் இட் ஆஃப்' மட்டும்தான், 'டர்ன் ஆஃப் இட்' கிடையாது. ப்ரனவுன் சின்னச் சொல், அழுத்தம் இல்லாதது, கடைசியில் நிற்கும் பலம் அதற்கு இல்லை, வெர்பை ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். 'பிக் இட் அப்', 'புட் இட் ஆஃப்', 'த்ரோ தெம் அவே' எல்லாம் இந்த வகை. இங்கே ஆஃப், அப், அவே என்பவை வெர்பின் வால். 'லுக் ஆஃப்டர்' அப்படியில்லை, ஆஃப்டர் அங்கே உண்மையான ப்ரிபொசிஷன், ஆகவே 'லுக் ஆஃப்டர் ஹிம்', ஒருபோதும் 'லுக் ஹிம் ஆஃப்டர்' இல்லை. பெயர்ச்சொல்லை நடுவில் செருகிப் பாருங்கள், செருக முடிந்தால் வால், முடியாவிட்டால் ப்ரிபொசிஷன். அப்புறம் நாம் எல்லோரும் 'லைட்டை ஆஃப் பண்ணு' என்று சொல்லிப் பழகியதால் ஆங்கிலத்திலும் 'ஆஃப் தி லைட்' என்று வந்துவிடுகிறது. பண்ணு என்ற வெர்பைத் தமிழிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம், அந்த இடத்தில் டர்ன் அல்லது ஸ்விட்ச் வேண்டும்.

இப்போது ப்ரிபொசிஷனுக்கும் கஞ்சங்ஷனுக்கும் உள்ள எல்லைக்கோடு. மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். ப்ரிபொசிஷன் பின்னால் பெயர் வரும், அல்லது ப்ரனவுன், அல்லது இங் போட்ட வெர்ப். கஞ்சங்ஷன் பின்னால் ஆளும் வெர்பும் சேர்ந்த ஒரு முழு வாக்கியம் வரும். 'பிகாஸ் இட் ரெயின்ட்', ஆனால் 'பிகாஸ் ஆஃப் தி ரெயின்'. 'ஆல்தோ ஹீ வாஸ் சிக்', ஆனால் 'டெஸ்பைட் ஹிஸ் சிக்னெஸ்'. 'வைல் ஐ வாஸ் ஸ்லீப்பிங்', ஆனால் 'ட்யூரிங் தி நைட்'. தமிழிலும் இந்தக் கோடு இருக்கிறது: மழை பெய்ததால், மழையால். சாப்பிட்ட பிறகு, சாப்பாட்டுக்குப் பிறகு. பிறகு என்ற ஒரே சொல் வினையோடும் பெயரோடும் வருவது போலத்தான் அங்கே ஆஃப்டர், பிஃபோர், சின்ஸ், அன்டில் நான்கும் இரண்டு வேலையும் செய்கின்றன. 'ஆஃப்டர் ஹீ லெஃப்ட்' என்றால் கஞ்சங்ஷன், 'ஆஃப்டர் ஹிம்' என்றால் ப்ரிபொசிஷன். ஆஃப்டர் பின்னால் வரும் ப்ரனவுன் ஹீயா ஹிம்மா என்பதைக் கவனியுங்கள், அடுத்து வெர்ப் வருகிறதென்றால் ஹீ, வரவில்லையென்றால் ஹிம்.

டு என்பதும் இப்படி இரட்டை வேடம் போடும், அதுதான் எல்லோரையும் ஏமாற்றும். 'ஐ வான்ட் டு மீட் யூ' என்பதில் டு வெர்பின் முன்னொட்டு மாதிரி, பின்னால் வெறும் வெர்ப் வரும். 'ஐ லுக் ஃபார்வர்ட் டு' என்பதில் டு அசல் ப்ரிபொசிஷன், ஆகவே 'டு மீட்டிங் யூ'. 'ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட் யூ' என்று எத்தனை மெயில் போகிறது தெரியுமா! 'ஐ யூஸ்ட் டு லிவ் ஹியர்' என்றால் முன்பு இங்கே வசித்தேன், 'ஐ ஆம் யூஸ்ட் டு லிவிங் ஹியர்' என்றால் இங்கே வசித்துப் பழகிவிட்டது, இரண்டுக்கும் வித்தியாசம் அந்த டுவின் வேடம்தான். டு பின்னால் ஓர் இட் போட்டுப் பாருங்கள். 'லுக் ஃபார்வர்ட் டு இட்' பொருந்துகிறது, ஆகவே ப்ரிபொசிஷன். 'வான்ட் டு இட்' பொருந்தவில்லை.

ப்ரிபொசிஷன் வெர்பின் காலத்தையே மாற்றும் இடமும் ஒன்று உண்டு. 'அஞ்சு வருஷமா இங்கே இருக்கிறேன்' என்று தமிழில் நிகழ்காலம். அதையே 'ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' என்று சொன்னால் இரண்டு தப்பு. ஐந்து வருஷம் என்பது கால அளவு, அதற்கு ஃபார். 2019 என்பது தொடங்கிய புள்ளி, அதற்கு சின்ஸ். எதைப் போட்டாலும், அன்று தொடங்கி இன்றுவரை நீளும் காலம் என்பதால் வெர்ப் 'ஹேவ் பீன் லிவிங்' என்று ஆகிவிடும்.

கஞ்சங்ஷனுக்கு வருவோம். தமிழ் வாக்கியத்தில் பொதுவாக முற்றுவினை ஒன்றுதான், அது கடைசியில் இருக்கும், மற்றவை எச்சமாக முன்னால் வரிசை கட்டும்: 'காலையில் எழுந்து, பல் தேய்த்து, காபி குடித்து, பஸ் பிடித்து ஆபீஸ் போனேன்'. எழுந்து, தேய்த்து, குடித்து, பிடித்து எவற்றிலும் ஆள் இல்லை, போனேன் வந்த பிறகுதான் எல்லாவற்றையும் செய்தது நான் என்று தெரிகிறது. ஆங்கிலத்தில் அத்தனையும் முழு வெர்பாக மாற வேண்டும்: 'ஐ காட் அப், ப்ரஷ்ட் மை டீத், டிராங்க் காஃபி, காட் தி பஸ் அண்ட் வென்ட் டு தி ஆஃபிஸ்'. ஐந்தும் இறந்தகாலம், கடைசி இரண்டுக்கும் நடுவில் ஓர் அண்ட். நாம் 'ராமனும் சீதையும்' என்று இரண்டு பக்கமும் உம் போடுவோம், அவர்களுக்கு ஓர் அண்ட் போதும். ஆனால் நம் உம் முற்றுவினைகளை இணைக்காது, 'வந்தானும் போனானும்' என்று சொல்ல முடியாது, அவர்களுடைய அண்ட் எதை வேண்டுமானாலும் இணைக்கும். அதனாலேயே அளவு தெரியாமல் அண்ட், அண்ட், அண்ட் என்று பத்தி முழுக்கப் போட்டுவிடுகிறோம்.

இரண்டு வாக்கியத்துக்கு ஒரு கஞ்சங்ஷன், அதுதான் கணக்கு. 'ஆல்தோ இட் வாஸ் ரெயினிங், பட் ஹீ கேம்', 'பிகாஸ் ஐ வாஸ் சிக், ஸோ ஐ டிட் நாட் கோ' இரண்டிலும் ஒன்றை எடுத்துவிடுங்கள், எதை எடுத்தாலும் வாக்கியம் நிற்கும். இஃப் வரும்போது தென் சேர்த்துக்கொள்ளலாம், அது மட்டும் சலுகை.

வென், இஃப், அன்டில், பிஃபோர் பின்னால் எதிர்காலத்தைச் சொல்ல வில் வராது. 'வென் ஹீ வில் கம், ஐ வில் டெல் ஹிம்' தப்பு, 'வென் ஹீ கம்ஸ், ஐ வில் டெல் ஹிம்' சரி. எதிர்காலத்தை ஒரு முறை, முக்கிய வாக்கியத்தில் சொன்னால் போதும். நம்முடைய 'வந்தால்' என்பதைப் பாருங்கள், அதில் காலமும் இல்லை ஆளும் இல்லை, நான் வந்தால், நீ வந்தால், அவர்கள் வந்தால் எல்லாம் ஒரே வடிவம், அங்கே மட்டும் தமிழும் ஆங்கிலம் மாதிரி ப்ரனவுனை நம்பியிருக்கிறது.

ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லும்போது கஞ்சங்ஷன் ப்ரனவுனையும் வெர்பையும் சேர்த்து இழுக்கும். 'நான் வரமாட்டேன் என்று சொன்னான்' என்று அவன் சொன்ன நானை நாம் அப்படியே வைத்துக்கொள்ளலாம். தட் போட்டுச் சொன்னால் 'ஹீ செட் தட் ஹீ வுட் நாட் கம்', ஐ என்பது ஹீ ஆனது, வில் என்பது வுட் ஆனது. ஆனால் அந்த இரண்டாவது ஹீ யார்? சொன்னவனா, வேறொருவனா? ஆங்கில வாக்கியத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. 'தான் வரப்போவதில்லை என்று சொன்னான்' என்று தமிழில் தான் போட்டுத் தீர்த்துவிடலாம், இந்த ஒரு விஷயத்தில் நம் கை ஓங்கியிருக்கிறது. கேள்வியை இப்படி உள்ளே வைக்கும்போது கேள்வியின் வரிசை போய்விடும் என்பதையும் கவனியுங்கள்: 'டெல் மீ வாட் இஸ் யுவர் நேம்' இல்லை, 'டெல் மீ வாட் யுவர் நேம் இஸ்'.

கடைசியாக, ப்ரனவுனும் கஞ்சங்ஷனும் ஒரே சொல்லாகச் சேர்ந்த ஹூ, விச், தட். தமிழில் 'நான் பேசிய ஆள்', 'நான் பேனா வாங்கிய கடை' என்போம். ஆளோடு பேசினேனா, ஆளைப் பற்றிப் பேசினேனா, சூழ்நிலையைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியதுதான், பெயரெச்சம் உருபை முழுங்கிவிடும். ஆங்கிலம் முழுங்காது: 'தி மேன் ஐ ஸ்போக் டு', 'தி மேன் ஐ ஸ்போக் அபவுட்'. அந்த டுவையும் அபவுட்டையும் நாம் விட்டுவிடுகிறோம், அல்லது பயந்துபோய் 'தி மேன் ஐ ஸ்போக் டு ஹிம்' என்று ஒரு ஹிம் கூடுதலாகப் போடுகிறோம். வாக்கியத்தின் கடைசியில் ப்ரிபொசிஷன் வரக் கூடாது என்று சிலர் மிரட்டுவார்கள். ஆங்கிலக் கவிஞர் ஜான் டிரைடன் 1672-இல் தமக்கு முந்தைய நாடக ஆசிரியர் பென் ஜான்சனின் ஒரு வரியில் அதைக் குறையாகச் சொன்னார். 1762-இல் ராபர்ட் லோத் என்ற பாதிரியார் தன் ஆங்கில இலக்கண நூலில் அது பேச்சுக்கும் எளிய எழுத்துக்கும் இயல்பானது, ஆனால் முன்னால் வைப்பதே கம்பீரம் என்றார். பின்னால் வந்த வாத்தியார்கள் கம்பீரத்தைச் சட்டமாக்கிவிட்டார்கள். நீங்கள் தயங்காமல் கடைசியில் வையுங்கள். முன்னால் கொண்டுவந்தால் மட்டும் ஹூம் வேண்டும்: 'தி மேன் டு ஹூம் ஐ ஸ்போக்'.

ஹூம் என்றதும் நம் ஊர் சான்றிதழ்களின் தலைப்பு நினைவுக்கு வரும், 'டு ஹூம்ஸோவர் இட் மே கன்சர்ன்'. அதில் ஹூம் வருவதற்குக் காரணம் முன்னால் டு இருப்பது மட்டுமில்லை, உள்ளே இருக்கும் கன்சர்ன் என்ற வெர்புக்கு அது செயப்படுபொருள், இது யாரைப் பற்றியதோ அவருக்கு. அதே டு பின்னால் 'கிவ் இட் டு ஹூவர் கம்ஸ் ஃபர்ஸ்ட்' என்று வரும்போது ஹூம் வராது, ஏனென்றால் கம்ஸ் என்ற வெர்புக்கு ஓர் ஆள் வேண்டும், ஹூவர்தான் அந்த ஆள். வெர்பும் ப்ரிபொசிஷனும் ஒரே ப்ரனவுனுக்குப் போட்டி போட்டால் வெர்ப் ஜெயிக்கும்.

சரி, எல்லாம் சேர்ந்த ஒன்றைச் செய்து பார்ப்போம். 'நேற்று உன்னிடம் சொன்ன டாக்டர் ஊரில் இல்லாததால் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.' முதலில் இதற்குள் எத்தனை செயல் என்று பாருங்கள்: சொன்னது, இல்லாதது, வருவது, காத்திருந்தது. நான்கு செயல், ஆகவே நான்கு ஆள் வேண்டும், தமிழில் ஒரே ஒரு ஆள்தான் வெளியே தெரிகிறார், டாக்டர். காத்திருந்தவர் யார் என்று எழுதவே இல்லை. சொன்னது நான், இல்லாதது டாக்டர், வருவது அவர், காத்திருந்தது நான். இனி இணைப்பு. டாக்டரைப் பற்றிச் சொன்னேன், தமிழ் முழுங்கிய அந்தப் 'பற்றி' திரும்ப வர வேண்டும்: 'தி டாக்டர் ஐ டோல்ட் யூ அபவுட் யெஸ்டர்டே'. ஊரில் இல்லை, 'வாஸ் அவுட் ஆஃப் டவுன்'. அதனால், 'ஸோ ஐ ஹேட் டு வெயிட்'. ஸோ போட்டதால் முன்னால் பிகாஸ் வேண்டாம். வரும்வரை, 'அன்டில் ஹீ கேம் பேக்'. டாக்டர் பெண் என்றால் ஷீ, தமிழில் அதைச் சொல்லாமலே தப்பித்துவிட்டோம், ஆங்கிலத்தில் முடிவு செய்தாக வேண்டும். 'அன்டில் ஹீ வுட் கம் பேக்' என்று எழுதக் கை போகும், வில்லுக்குச் சொன்னது வுட்டுக்கும் பொருந்தும், எடுத்துவிடுங்கள்.